வேலாம்பூண்டியில் பனி அகற்றிய விவரம்

கால்பந்து ஆட ஒரு மைதானம் வேண்டும், ஒரு பந்து வேண்டும், பக்கத்துக்குப் பதினோரு பேர் வேண்டும். எருமப்பட்டிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வேலாம்பூண்டியில், 1936-ஆம் வருஷம், இவை எல்லாமே இருந்தன. பனி ஒன்றுதான் இல்லை. அதனால் ஆட்டமே நின்றுவிடும் போலாயிற்று.

சித்திரை மாதம். இரண்டு வருஷமாக மழையில்லை. அன்று கோப்பைக்கான கடைசி ஆட்டம், எங்களுக்கும் எருமப்பட்டிக்கும். எங்கள் அணிக்கு நான் காப்டன். காலை ஒன்பது மணிக்கு விளையாட்டு மேற்பார்வை ஆபீசர் மயில்சாமி அவர்கள், கம்பளிக் கோட்டும் டையும் தரித்து, வியர்வை சொட்டச் சொட்ட மைதானத்துக்கு எழுந்தருளினார். கையில் சீமையில் அச்சடித்த படிவம் ஒன்று இருந்தது.

ஆடு மாடு புகாமல் மைதானத்தைக் காத்துவந்தவர் சடையண்ணன். ஆபீசர் அவரைத்தான் கூப்பிட்டார்.

"பனியை அகற்றிவிட்டாயா?"

"பனிங்களா? மார்கழியில புல்லு நுனியில முத்து முத்தா நிக்குமே, அதுங்களா?"

"அது பனித்துளி. விதியில் கண்டிருப்பது பனிக்கட்டி. மைதானத்திலிருந்து அது அகற்றப்பட்டதாக அத்தாட்சி இல்லாமல் விசில் ஊதக் கூடாது. அகற்றத் தவறிய ஊர் தோற்றதாகக் கருதப்படும்."

"அப்படியொண்ண நான் பார்த்ததே இல்லீங்களே சாமி."

"நீ பார்த்ததில்லை என்பது, அது இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது."

நான் நடுவில் புகுந்தேன். "பனி இல்லைன்னு எழுதிடுங்களேன்."

ஆபீசர் படிவத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். 'அகற்றப்பட்ட பனி ...... வண்டி. அகற்றியவர் கைநாட்டு. சாட்சிகள்.' அவ்வளவுதான் இருந்தது.

"இல்லை என்று எழுத இதில் இடம் எங்கே இருக்கிறது, காட்டு பார்ப்போம்."

"பூஜ்யம் வண்டின்னு போட்டா?"

"பூஜ்யம் வண்டி பனியை அகற்றியவன் யார்? எதை அகற்றினேன் என்று அவன் கைநாட்டு வைப்பான்?"

தீர யோசித்துப் பார்த்ததில் ஒன்றுதான் புலப்பட்டது. பனியை அகற்ற வேண்டுமானால், முதலில் அதைக் கொண்டுவர வேண்டும்.

சேலத்தில் சோடாவும் ஐஸும் வியாபாரம் செய்யும் நசுருல்லா பாய்க்கு ஆள் போயிற்று. மூன்றரை மணிக்கு, மரத்தூளும் சாக்கும் போர்த்திய ஐஸ் பாளங்களோடு அவருடைய லாரி வந்து சேர்ந்தது.

"இது பனியில்லைங்க, ஐஸு" என்றார் பாய், நாணயமான மனிதர்.

"வெள்ளையாக இருக்கிறதா?" என்று கேட்டார் ஆபீசர்.

"இருக்குதுங்க."

"குளிர்கிறதா?"

"கையே மரத்துப் போச்சுங்க."

"போதும். மைதானத்தில் பரப்பச் சொல்."

பரப்பினார்கள். ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சடையா, ஆரம்பி!" என்று உத்தரவிட்டார். சடையண்ணன் மண்வெட்டியை ஓங்கியபோது அவருடைய மனைவி செல்லியக்கா குடத்தோடு மைதானத்துக்குள் இறங்கிவிட்டார். ஒரு துண்டை வாயில் போட்டு, "ஐயோ, சுடுதே!" என்று கத்தினார். உடனே திரும்பி, "அடியே, தண்ணிதான்! வாங்கடி எல்லாரும்!" என்று இன்னும் உரக்கக் கத்தினார்.

ஊர்ப் பெண்கள் குடமும் அண்டாவுமாக ஓடிவந்தார்கள்.

"அரசாங்கப் பனி! யாரும் தொடக் கூடாது!" என்று ஆபீசர் குறுக்கே ஓடினார்.

"நாங்க தொடாட்டி வெயில் தொட்டுரும் சாமி. வெயிலப் புடிச்சு உள்ள வெப்பீங்களா?" என்றார் செல்லியக்கா.

கால் மணி நேரத்தில் மைதானம் காலி. ஆபீசருக்கு அப்போதுதான் தம்முடைய விதி அப்படியே நிறைவேறியிருப்பது விளங்கிற்று. பூரித்துப்போய், 'பன்னிரண்டு வண்டி' என்று எழுதினார்.

"ஒரு வண்டிகூடத் தேறாதுங்களே" என்றார் சடையண்ணன்.

"மாவட்டத்தின் முதல் பனி. கௌரவமாக இருக்கட்டும்."

சடையண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் எருமப்பட்டிக்காரர்களைப் பார்த்தேன், அவர்கள் இளித்துக்கொண்டிருந்தார்கள். "வைங்கண்ணா" என்றேன். அவர் கைநாட்டு வைத்தார். நாங்கள் பதினோரு பேரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். விசில் ஊதியது. ஐஸ் உருகிய சேற்றில் எருமப்பட்டி கோல்கீப்பர் வழுக்கி விழ, ஒன்றுக்குப் பூஜ்யமென்று ஜெயித்தோம்.

மறுவாரம் செல்லியக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஒரு நாளு ஐஸுத் தண்ணி குடிச்சாச்சு. மத்த நாளைக்கு ரெண்டு மைலு நடக்கிறோமே, ஒரு கெணறு வெட்டிக் குடுக்கச் சொல்லி எழுதுங்க சாமி."

உருக்கமாக ஒரு மனு எழுதினேன். ஒரு மாதத்தில் பதில் வந்தது:

'தங்கள் கிராமத்தில் கோடையிலேயே பன்னிரண்டு வண்டி பனி விழுவதாகப் பதினோரு கண்ணியவான்கள் சாட்சியம் அளித்துள்ளனர். இத்தகைய குளிர்ப் பிரதேசத்துக்குக் கிணறு அவசியமில்லையென முடிவு செய்யப்பட்டது. குளிரில் வாடும் மக்களுக்காக நாற்பது கம்பளிகள் இத்துடன் வருகின்றன.'

நானும் சடையண்ணனும் ஆபீசரிடம் ஓடினோம். "அது பொய்ங்க. பனியே கிடையாதுன்னு எழுதிக் குடுத்திடறோம்" என்றேன்.

"தாராளமாக எழுது. பனி விழவில்லையென்றால் அத்தாட்சி செல்லாது. அத்தாட்சி செல்லாதென்றால் ஆட்டம் செல்லாது. கோப்பை எருமப்பட்டிக்குப் போகும். கிணறு உங்களுக்கு."

ஊர்க் கூட்டம் போட்டோம். கிணறு மிகவும் அவசியம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆனால் கோப்பையை எருமப்பட்டிக்காரன் தூக்கிக்கொண்டு போவதா என்று யாரோ கேட்டார்கள். அதன் பிறகு கிணற்றைப் பற்றி ஒரு ஆண்பிள்ளையும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. கம்பளியைப் பங்கு வைப்பதில்தான் சண்டை வந்தது.

இப்போதெல்லாம் கம்பளி இல்லாதவனை ஊரில் யாரும் மனிதனாக மதிப்பதில்லை. உச்சி வெயிலிலும் போர்த்திக்கொண்டுதான் கடைவீதியில் உட்காருகிறோம். எருமப்பட்டிக்காரர்கள் தங்களூரில் பதினைந்து வண்டி பனி விழுந்ததாக மனுப் போட்டிருப்பதாய்க் கேள்வி.

நேற்று மத்தியானம் செல்லியக்கா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வழியாக வந்தார். கம்பளிக்குள் வியர்த்து வழிந்துகொண்டிருந்த எங்களை ஒரு தரம் பார்த்தார்.

"ஏனுங்க, குளிரு நாட்டுக்காரங்களே," என்றார், "கொஞ்சம் ஒதுங்குங்க. தண்ணிக்குப் போகோணும்."

ஒதுங்கி வழி விட்டோம்.