ராசவள்ளிக்கு மாப்பிள்ளை

ராசவள்ளிக் கிழங்கை ஒருத்தரும் கவனிக்கிறேல்லை எண்டதை அரசாங்கம் ஒரு நாள் கவனிச்சுப் போட்டுது.

கவனிச்ச கையோட ஒரு திட்டம் பிறந்தது. பேர், "கவனிப்பாரற்ற அயனமண்டலக் கிழங்குப் பயிர்களின் மரபணுவழி மேம்பாட்டுச் செயற்றிட்டம்." இந்தப் பேரைப் பதாகையில அடிச்சுக் கட்டினால் விவசாயத் திணைக்களக் கந்தோரின்ரை மதில் நீளம் காணாது. கடைசி ரெண்டு சொல்லும் பக்கத்து மிருக வைத்தியரின்ரை கேற்றில தொங்கினது. மாடு கொண்டு வந்த சனம் "மேம்பாட்டுச் செயற்றிட்டம்" எண்டதை வாசிச்சு, மாட்டுக்கு ஏதோ குடுக்கினமாக்கும் எண்டு வரிசையில நிண்டது.

திட்டத்துக்குத் தற்காலிகமா எடுபட்ட ஒரே உத்தியோகத்தர் கஜந்தினி. விவசாயத்தில பட்டம் முடிச்சுக் கன காலம் வீட்டில இருந்தவள். கோயில், கடை, பஸ் எண்டு போற இடமெல்லாம் "பிள்ளைக்கு இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ" எண்டு கேள்வி வாங்கிக் களைச்ச பிறகு கிடைச்ச வேலை. பணிப்பாளர் சிவசுப்பிரமணியம் முதல் நாளே தெளிவாச் சொல்லிப் போட்டார். இந்தப் போகத்துக்குள்ள ஒரு ஆண் கொடியையும் ஒரு பெண் கொடியையும் சேத்து வைச்சால் நிரந்தர நியமனம். இல்லாட்டில் திட்டத்தை மூடுவினம், பிள்ளை திரும்ப வீட்டை போகலாம்.

ராசவள்ளியில ஆண் கொடி வேறை, பெண் கொடி வேறை. அது பூக்கிறதே அரிது, கிழங்கை வெட்டி வெட்டி நட்டே காலம் போகுது. அதால எது ஆண், எது பெண் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப அந்தக் கவலை இல்லை. இலையைக் கொழும்புக்கு அனுப்பினால், பூக்க முதலே மரபணுவை வாசிச்சு, ஆணோ பெண்ணோ, எது எதுக்குச் சொந்தம் எண்டு எல்லாம் சொல்லுவினம். கஜந்தினிக்கு இதை நினைக்க நினைக்கப் புல்லரிக்கும். ஸ்கூட்டியை உரும்பிராய்க்கு விட்டாள்.

உரும்பிராயில பேர்போன ராசவள்ளி ரெண்டு. ஒண்டு கந்தப்புவின்ரை வளவில, மற்றது முத்துக்குமாருவின்ரை வளவில. நடுவில ஒரு வேலி. கந்தப்புவின்ரை கிழங்குக்கு உள்ள நிறம் உலகத்திலயே இல்லை எண்டு கந்தப்பு சொல்லுவார். முத்துக்குமாருவின்ரை கிழங்கு அவியேக்கை வாற மணம் கந்தப்புவின்ரை பரம்பரைக்கே கிடையாது எண்டு முத்துக்குமாரு சொல்லுவார்.

ரெண்டு பேரையும் வேலியடிக்குக் கூப்பிட்டுக் கஜந்தினி விசயத்தை விளங்கப்படுத்தினாள். எல்லாம் நல்லாத்தான் போனது. கடைசியில, "இதுகளின்ரை கொடிவழியைப் பாக்கவேணும்" எண்டு ஒரு வார்த்தை விட்டாள். அந்த வார்த்தையை அவள் விட்டிருக்கக் கூடாது.

கொடிவழி பாக்கிறது எண்டால் எங்கடை சனத்துக்கு ஒரே அர்த்தம்தான், கலியாணம். கந்தப்பு உள்ள போய்ச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

"எங்கடை ஆண் கொடி" எண்டார்.

என்னண்டு தெரியும் எண்டு கேட்டதுக்கு, தன்ரை வீட்டில பிறந்தது முழுக்கப் பெடியள் எண்டார். முத்துக்குமாருவுக்கு மூண்டும் பொம்பிளைப் பிள்ளையள். ஆனால் அவரும் தன்ரைதான் ஆண் எண்டார். மாப்பிள்ளை வீடு ஆகிற சந்தர்ப்பம் வாழ்க்கையில ஒருக்காத்தான் வருது, அதை ஆர் விடுவினம்.

"எங்கடை பக்கம் மாப்பிள்ளை எண்டால்," எண்டார் கந்தப்பு, "முத்துக்குமாரு வேலியை ரெண்டு முழம் தள்ளித் தரவேணும்."

"அண்ணை, இது கிழங்கு."

"கிழங்கு எண்டாப்போலை முறை இல்லையோ பிள்ளை?"

கஜந்தினி ஓடிப்போய்ப் பணிப்பாளரிட்டைச் சொன்னாள். அவர் சிரிப்பார் எண்டு நினைச்சாள். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, இதுதான் மக்கள் பங்களிப்பு எண்டு சொல்லி, "பொருத்தப்பாட்டு உபகுழு" ஒண்டை அமைச்சார். அட்டமி நவமி கழியட்டும் எண்டு இலை அனுப்பிறதையும் தள்ளிப் போட்டார்.

நல்ல நாள் பாத்து அனுப்பின இலையளுக்குக் கொழும்பிலயிருந்து முடிவு வந்தது. இந்த ரெண்டு கொடியும் மட்டுமில்லை, ஊரில எடுத்த அத்தனை இலையும் ஒரே கொடி. ஆதியில ஆரோ கொண்டு வந்த ஒரு கிழங்கை வெட்டி வெட்டி நட்டதுதான் எல்லாம். அதோட, எல்லாம் பெண்.

கந்தப்புவும் முத்துக்குமாருவும் ஒரே நேரத்தில, "அப்ப என்ரை கிழங்கைத்தான் உவர் களவெடுத்து நட்டிருக்கிறார்" எண்டிச்சினம். முத்துக்குமாருவின்ரை மனிசி பத்மாவதிதான் ஆறுதல் பட்டவ. ஒரே வழி எண்டால் சகோதர முறையெல்லே, முதலே பாத்தது நல்லதாப் போச்சு எண்டா.

கஜந்தினிக்கு அழுகை வந்தது. இந்தப் போகத்துக்குள்ள ஆண் கொடிக்கு எங்கை போறது? பணிப்பாளர் யோசிச்சார். யோசிச்சு, "உள்ளூரில சரிவராட்டில் வெளிநாட்டில பாப்பம்" எண்டார்.

பசிபிக் கடலில ஒரு தீவு. அங்கை உள்ள ஆராய்ச்சி நிலையம் ஒரு கொடி அனுப்பச் சம்மதிச்சுது. செய்தி உரும்பிராய்க்குப் போன அண்டைக்குப் பின்னேரமே கந்தப்பு கந்தோருக்கு வந்திட்டார். தங்கடைதான் பொம்பிளை வீடு எண்டும், வேலியைத் தாங்களே தள்ளித் தாறம் எண்டும் சொன்னார். பின்னால முத்துக்குமாரு வந்து, அவை ரெண்டு முழம் தந்தால் நாங்கள் நாலு முழம் எண்டார். வேலி போற போக்கில அது நடு றோட்டுக்கு வந்திடும் எண்டு பயந்து, பணிப்பாளர் மாப்பிள்ளையை வேலியோரமா, ரெண்டு வளவுக்கும் பொதுவா நடச் சொன்னார்.

மாப்பிள்ளை ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள்ள வந்திறங்கினார். விரல் அளவு உயரம், மூண்டு இலை. கட்டுநாயக்கா விமான நிலையத்திலயிருந்து போத்தலைப் பணிப்பாளர் மடியிலயே வைச்சுக்கொண்டு வந்தார். ஊர் எல்லையில மேளம். போத்தலுக்கு மாலை. வந்த ஆக்களுக்குப் பொம்பிளை பகுதியால ராசவள்ளிக் கஞ்சி குடுத்தவை. பொம்பிளையின்ரை கூடப்பிறந்ததுகள்தான் கஞ்சிக்குள்ள கிடக்குதுகள் எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை.

கஜந்தினி போத்தலில ஒட்டியிருந்த துண்டை வாசிச்சாள். ஒரு இலக்கம் மட்டும் கிடந்தது. ஆணோ பெண்ணோ எண்டு இல்லை. எந்த வழி எண்டும் இல்லை.

மெல்லமா, ஒரு இலையைக் கொழும்புக்கு அனுப்பிப் பாப்பமோ எண்டு பணிப்பாளரைக் கேட்டாள். சுற்றுநிருபத்தில உள்ளூர்க் கொடியளைத்தான் சோதிக்கச் சொல்லியிருக்கு எண்டார் அவர். கந்தப்புவுக்கு முகம் கறுத்துப் போச்சுது. "வெளிநாட்டிலயிருந்து வந்த பிள்ளையைச் சோதிக்கிறதோ? அவை எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?" முத்துக்குமாருவும் தலையாட்டினார். அவை ரெண்டு பேரும் ஒரு விசயத்தில ஒத்துப்போனது அதுதான் முதல் தரம்.

போத்தலுக்குள்ளயிருந்து எடுத்து நடேக்கை, அடி இலை ஒண்டு தானாக் கழண்டு கஜந்தினியின்ரை கையில நிண்டது. ஒரு கடித உறை போதும், கெதியா முடிவு வந்திடும். இதுவும் பெண் எண்டு வந்தால் கோயில், கடை, பஸ் எல்லாம் திரும்பவும் துவங்கும்.

பத்மாவதி கிட்ட வந்து காதுக்குள்ள கேட்டா. "பிள்ளை, பெடியனில ஏதும் குறையோ?"

எல்லாரும் திரும்பிப் பாத்தினம்.

"ஒண்டும் இல்லை அக்கா," எண்டாள் கஜந்தினி. இலை அவளின்ரை காலடியில கிடந்தது. "வெளிநாடுதானே. அங்கை விசாரிச்சுத்தான் அனுப்பியிருப்பினம்."

சேத்து நட்டதோட எங்கடை கடமை முடிஞ்சுது, இனி நடக்கிறது அவையின்ரை சொந்த விசயம் எண்டு பணிப்பாளர் கையெழுத்து வைச்சார். அடுத்த மாதம் நிரந்தர நியமனம் வந்தது.

மாப்பிள்ளை இப்ப பந்தல் நிறையப் படர்ந்து நிக்கிறார். பூக்கேல்லை. ஆரும் கேட்டால் கந்தப்புவும் முத்துக்குமாருவும் ஒரே குரலில சொல்லுவினம், குளிர் நாட்டுப் பிள்ளை, வெயில் பழகட்டும் எண்டு. அந்தத் தீவு யாழ்ப்பாணத்தை விட வெக்கை எண்டது கஜந்தினிக்குத் தெரியும். அவளும் காலாண்டுக்கு ஒருக்கா, கந்தோர்ச் சீல் குத்தி, மேலிடத்துக்கு எழுதி அனுப்புறாள்:

"மேற்படி மாப்பிள்ளை எமது காலநிலைக்குப் படிப்படியாக இசைவடைந்து வருகின்றார்."