மஞ்சள் அட்டை கட்டிய அம்மி

தான் பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்த தவறுகளுக்காகச் சோறு இறங்காமல் தவித்த ஒரே மனிதன், ஓசூர் தொழிற்பேட்டை முழுவதற்கும் எங்கள் ஹோல்டு ஒருவன்தான்.

கேன்டீனில் சாம்பார் சாதத்தை முன்னால் வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவான்.

"அன்னைக்கு நாம அந்தக் கூட்டணிக்குப் போயிருக்கவே கூடாதுண்ணா."

"எந்தக் கூட்டணிடா?"

சொல்வான். "அப்ப உனக்கு என்னா வயசு?" என்று கேட்டால், "எங்கப்பாவுக்கே அப்பக் கல்யாணம் ஆகலைண்ணா" என்பான். ஆனாலும் அவனுக்கு அது 'நாம'தான். மற்ற பையன்கள் கிரிக்கெட் பார்த்துவிட்டு 'நாம ஜெயிச்சுட்டோம்' என்று குதிப்பார்கள். இவன் மட்டும் அரசியல் வரலாறு படித்துவிட்டு 'நாம தோத்துட்டோம்' என்று அப்பளத்தை நொறுக்குவான்.

பெயர்க் காரணம் சொல்ல வேண்டும். அவன் தரப் பரிசோதனைப் பிரிவு. சந்தேகமான பாகம் ஒன்று கண்ணில் பட்டால் அதன் கழுத்தில் மஞ்சள் அட்டை கட்டுவான். அட்டையில் 'ஹோல்டு' என்று அச்சடித்திருக்கும்; கீழே காரணம், முடிவு என்று எழுத இரண்டு இடம். நல்லதா கெட்டதா என்று முடிவாகும்வரை அதை லாரியில் ஏற்றவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. நானோ சரக்கு அனுப்பும் பிரிவு. வாசலில் லாரி உறுமிக்கொண்டு நிற்கும். இவன் அட்டையும் நூலுமாக வந்து நிற்பான்.

"டேய், டிரைவர் கத்தறான்டா!"

"கத்தட்டும்ண்ணா. தப்பாப் போனது திரும்பி வர்றதுக்கு ரோடு கெடையாது."

ஆலையோடு விட்டானா? சட்டைப் பையில் எப்போதும் நாலு அட்டை வைத்திருப்பான். டீக்கடை ஜெயம்மா புது மெஷின் வாங்கிவிட்டு, பழைய பாய்லரை எடைக்குப் போடப் பார்த்தார். பாய்லர் கழுத்தில் அட்டை விழுந்தது.

"ஏனப்பா இது?" என்றார் ஜெயம்மா, பாதி கன்னடத்தில்.

"ஏன் வாங்குனோம்னு யோசிச்சுட்டு அப்புறமாப் போடுங்கக்கா."

"டீ போடத்தான் வாங்கினேன். குளிக்கவா வாங்கினேன்?"

அடுத்த வாரம் கரண்ட் போய், மெஷின் மூச்சடைத்து நின்றபோது, ஊருக்கே டீ கொடுத்தது அந்தப் பாய்லர்தான். ஹோல்டு கொஞ்ச நாள் தரையில் நடக்கவில்லை. அந்த மிதப்பிலேயே, அஞ்செட்டியிலிருந்து அம்மா அனுப்பிய பெண் போட்டோவுக்கும் ஓர் அட்டை கட்டினான். பெண் வீட்டார் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். "அதுவும் ஒரு வரலாற்றுத் தவறுதாண்ணா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அன்றைக்கும் சோறு இறங்கவில்லை.

அவன் கட்சியின் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. சின்னம் அம்மி. கொள்கை மூன்று: கடன் வாங்கித் தானம் செய்யாதே, முடியாததைச் சொல்லாதே, இருப்பதை யோசிக்காமல் இடிக்காதே. ஓட்டு வாங்க இவற்றில் எதுவும் உதவாது. இந்த வயதில் இதில் போய் ஏன்டா விழுந்தாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க ஊருக்கு எல்லாக் கட்சியும் வந்துச்சுண்ணா. ஜெயிச்சா பஸ் வுடறோம்னாங்க. இவங்க மட்டுந்தான், 'இந்த ரோட்டுல பஸ் ஏறாது, மொதல்ல ரோட்டைப் பாக்கணும்'னு சொன்னாங்க. எங்கப்பா அன்னைக்கே அம்மிக்குக் குத்திட்டாரு."

"பஸ் வந்துச்சா?"

"வரலை. ஆனா பொய்யும் வரலைண்ணா."

அப்படிப்பட்டவன் கண்ணில்தான் தேர்தல் நேரத்தில் அந்தத் தட்டி பட்டது. ஜூஜுவாடியில், கர்நாடகத்து லாரிகளும் நம்மூர் லாரிகளும் ஒரே புழுதியைப் பங்கு போட்டுக்கொள்ளும் இடத்தில், அவன் கட்சியின் தட்டி: 'அம்மிக்கு வாக்களிப்பீர்! வீட்டுக்கு ஒரு மிக்ஸி இலவசம்!'

பின்னால் உட்கார்ந்திருந்த நான் சிரித்துவிட்டேன். அவன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, அடிபட்ட மாட்டைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். லாரிகள் போகப் போக அவன் சட்டை படபடத்தது, அவன் அசையவில்லை. பிறகு போய்ச் சவுக்குக் கம்பத்தில் ஓர் அட்டையைக் கட்டிவிட்டு வந்தான்.

மிக்ஸியும் காப்பாற்றவில்லை. டெபாசிட் போனது. கட்சியைப் பெரிய கட்சியோடு இணைத்துவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. கிருஷ்ணகிரியில், ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். "நீங்க சும்மா பின்னாடி உக்காருங்கண்ணா, தெரிஞ்ச மொகம் ஒண்ணு இருந்தாப் போதும்" என்று என்னையும் அழைத்துப்போனான். நான் உறுப்பினர் இல்லை. சமையல்காரர்கள் பக்கத்தில் நாற்காலி கிடைத்தது.

மாவட்டச் செயலாளரை எல்லாரும் 'மாவட்டம்' என்றே கூப்பிட்டார்கள். மாவட்டம் கேட்டார்: "இணைப்பை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க." மண்டபமே தூக்கியது. "எதிர்க்கிறவங்க?"

ஹோல்டு மட்டும் எழுந்தான். நேராக மேடைக்குப் போனான். மைக்கின் கழுத்தில் மஞ்சள் அட்டையைக் கட்டினான்.

"வேணாம்னு சொல்லலைங்க, மாவட்டம். ஹோல்டுல வைங்க. இந்தக் கட்சியை ஏன் ஆரம்பிச்சோம்னு ஒரே ஒரு தடவ எல்லாரும் உக்காந்து பேசலாம். பேசிட்டு மூடிக்கலாம்."

முன் வரிசைக் கிழவர் ஒருவர், இன்னும் தூக்கியே வைத்திருந்த கையை மெதுவாக இறக்கினார். அவ்வளவு தூரம் அவன் பக்கம் வந்துவிட்டது.

மாவட்டம் வாட்சைப் பார்த்தார். "தம்பி, பிரியாணி ஆறிடும்."

மண்டபம் சிரித்தது. கிழவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே தீர்மானம் நிறைவேறியது. ஹோல்டு சாப்பிடாமல் வெளியே வந்தான்.

மறுநாள் பாகலூர் சாலைக் கட்சி அலுவலகத்தில் பலகை மாறியது. உள்ளே மாலை போட்டு வைத்திருந்த நிஜ அம்மியை வாசல் சாக்கடை ஓரம் தள்ளியிருந்தார்கள். அதை இவன் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் ஏற்றினான். குழவியை நான் மடியில் வைத்துக்கொண்டேன். குழந்தையைத் தூக்கிப் போவதுபோல இருந்தது.

"எங்கடா போறது?"

"உங்க வூட்டுக்குத்தாண்ணா. எங்க மெஸ் ரூம்ல வச்சா பசங்க இதுமேல துணி தொவைப்பானுங்க."

வேறு கட்சிக்காரர்கள் அவனைக் கூப்பிட்டார்கள். போகவில்லை. புனே ஆலைக்கு மாற்றல் வந்தபோது அதற்குத்தான் போனான். போகும்முன் அம்மியின் இடுப்பில் அட்டை கட்டி, காரணம் என்ற இடத்தில் எழுதினான்: 'யோசிக்காமல் தூக்கி எறியப்பட்டது.'

அம்மி எங்கள் பின்வாசலில் கிடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி, "சட்னிக்கு இதுல அரைச்சுப் பாக்கட்டுமா?" என்றாள்.

"ஹோல்டுல இருக்கு" என்றேன்.

"அந்தப் பையன் உங்களையும் கெடுத்துட்டுப் போயிட்டான்."

வெயிலில் அட்டை வெளுத்துவிட்டது. போன வாரம் ஆலையில் புது அட்டை ஒன்று கேட்டு வாங்கி வந்து, அவன் எழுத்தைப் பார்த்து அப்படியே எழுதிக் கட்டினேன். முடிவு என்ற இடத்தை மட்டும் நிரப்பவில்லை. அவன் வந்து எழுதட்டும்.