என் பூட்ஸ் அவள் காலில் பழகிய கதை

ஒன்பது நாள் மலைப்பாதையில் நூற்றிருபது கிலோமீட்டர் நடப்பது என்று முடிவு செய்தேன். காரணம் மச்சினன். "மாமா தெருமுனைக்கே ஆட்டோ பிடிப்பாரு" என்று என் வீட்டு சோபாவிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னான். அவன் வாயை அடைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

நான் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவன். இருபது வருஷத்தில் என் உடம்பில் தேறிய உறுப்பு வலது கை மட்டும்தான்.

நடைக்குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது. "மூணு வாரம் பயிற்சி. புது பூட்ஸைப் போட்டு நடந்து பழக்கணும். முதுகுப் பையில அஞ்சு கிலோ. இந்தப் பட்டையைக் கையில கட்டிக்குங்க. எத்தனை அடி நடந்தீங்க, எத்தனை படி ஏறினீங்க எல்லாம் தனித்தனியா என் போனுக்கு வந்துடும்" என்றார், வாயைத் திற என்கிற அதே குரலில்.

முதல் நாள் தெருமுனை வரை போனேன். குதிகாலில் கொப்புளம். ஆட்டோவில் திரும்பினேன்.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. என் மனைவி மின்சார மீட்டர் அளவு எடுக்கிறவள். நாள் முழுக்க வீடு வீடாக, மாடி மாடியாக நடை. எங்கள் இருவருக்கும் ஒரே பாத அளவு. இதை நான் வெளியே சொல்வதில்லை.

"ஏம்மா, இந்த பூட்ஸைப் போட்டுட்டுப் போயேன். மழை வரப் போகுது, படியெல்லாம் வழுக்கும்."

"என் கால் மேல திடீர்னு என்ன அக்கறை?"

"இப்பதான் தோணுச்சு. இந்தப் பட்டையும் கட்டிக்கோ. நாடி பார்க்கும்."

"அந்தப் பை?"

"மாட்டிக்கிட்டா முதுகு நிமிர்ந்து நிக்கும்."

தூக்கிப் பார்த்தாள். "உள்ள என்னங்க, அம்மிக்கல்லா?"

"நாலு பழைய சட்டப் புத்தகம்தான்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பேசாமல் மாட்டிக்கொண்டு போனாள். அவள் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அது மறந்துபோயிற்று.

மூன்று வாரமும் சுகமாகப் போயிற்று. டாக்டர் போன் செய்தார். "தினம் பதினாலு கிலோமீட்டர், தொண்ணூறு மாடி. நீங்க உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்னு சொன்னீங்களே?"

"அது வெளிப்பார்வைக்கு சார்."

மச்சினனிடம் சொன்னேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் பேச்சு நின்றது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. டாக்டர் வீட்டு மாடிப்படியை ஏறி இறங்க வேண்டும், ஐந்து மாடி. துணைக்கு மனைவியும் வந்தாள். பூட்ஸுக்குள் காலை விட்டேன். உள்ளே ஏற்கெனவே யாரோ குடியிருக்கிற மாதிரி இருந்தது. குழி ஓரிடம், என் குதிகால் ஓரிடம். இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "பதினாலு கிலோமீட்டர் நடந்த கால் எது?"

"என்னுது டாக்டர்" என்றாள் மனைவி.

பூட்ஸைக் கழற்றி வாங்கினாள். பையை மாட்டினாள். ஐந்து மாடி ஏறி இறங்கி வந்து, மூச்சு வாங்காமல் கைப்பையிலிருந்து லீவு உத்தரவை எடுத்து நீட்டினாள். ஒன்பது நாள். எழுதிக் கொடுத்த தேதியைப் பார்த்தேன். நான் பூட்ஸைக் கொடுத்ததற்கு மறுநாள்.

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"பூட்ஸ் பெட்டி மேலயே போட்டிருந்துச்சு, நடந்து பழக்கவும்னு. எனக்குப் படிக்கத் தெரியுங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீங்க கேட்டீங்களா?" என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, "கடைசி வீட்டு மாடியிலேருந்து அந்த மலை தெரியும். பதினேழு வருஷமா பார்க்கறேன். எங்க நடந்தாலும் முடிவுல ஒரு மீட்டர் நிக்குது. ஒரு தடவை மீட்டர் இல்லாத இடத்துக்கு நடக்கணும்னு ஆசை" என்றாள்.

அதற்கு மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. இடம் அவளுக்கே கிடைத்தது. மச்சினன் வண்டி வைத்து அக்காவைக் கொண்டுபோய் விட்டான். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தான், சிரிக்கட்டும். எனக்கு ஒன்பது நாள் சோபா முழுசாகக் கிடைத்தது. கிளம்பும்போது பட்டையை அவிழ்த்து என் கையில் கட்டினாள். "உங்க நாடியும் எனக்குத் தெரியணுமே" என்றாள். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் மலையிலிருந்து போன். குரலில் காற்றும் சிரிப்பும் கலந்து கேட்டன. மேகம் காலுக்குக் கீழே போகிறதாம். கேட்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

"சரிங்க, டாக்டர் போன்ல உங்களுக்கு இன்னிக்கு நூத்திப்பத்து அடிதான் காட்டுது. மொட்டை மாடியில துணி இன்னும் கொடியிலயே இருக்கா?"

"எடுக்கத்தான் போயிட்டிருக்கேன்" என்று சோபாவில் படுத்தபடியே, முத்திரை குத்தித் தேறிய வலது கையை வேகமாக ஆட்டினேன்.

"கையை ஆட்டாதீங்க. அடிதான் கூடும், படிக்கணக்கு தனியா வரும்."

எங்கள் வீடு தரைத்தளம். மொட்டை மாடிக்கு நாலு மாடி ஏற வேண்டும்.