நிறுவனரின் கால்வலி

ஊரை உண்டாக்கிய நிறுவனருக்கு, அவர் வாழ்ந்த இடத்திலேயே ஒரு பூங்கா அமைப்பதென்று நகர மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. அதில் ஒரு சிறிய இடையூறு மட்டும் இருந்தது. அவர் வாழ்ந்த வீடு இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அவருடைய கொள்ளுப்பேரனான தையற்காரர் மனைவியோடும் இரண்டு தையல் இயந்திரங்களோடும் அதில் குடியிருந்தார்.

'நிறுவனரின் நினைவைப் போற்றும் பொருட்டு, மேற்படி நிறுவனரின் வீட்டை முப்பது நாட்களுக்குள் காலி செய்து இடித்து அகற்ற ஒத்துழைக்குமாறு' ஓர் அறிவிப்பு வந்தது.

மனைவி அதைப் படித்துவிட்டு, "அவர் ஞாபகமா இருக்கறதே இந்த வீடு ஒண்ணுதான். இதை இடிச்சுட்டு எதை ஞாபகம் வச்சுக்கப் போறாங்களாம்?" என்றாள்.

தையற்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் நகராட்சிக்கு ஓடினார்.

ஆணையரின் மேசைமேல் அட்டையில் செய்த பூங்கா இருந்தது. நடுவில் நிறுவனர் சிலை, வலது காலை முன்னே வீசி விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி நடைபாதை.

"உட்கார பெஞ்சு ஒண்ணையும் காணோமே, சார்?"

"உட்கார்றதே இப்போ வியாதின்னு சொல்றாங்க. உங்க கொள்ளுத்தாத்தா நடந்தே வந்து ஊரை உண்டாக்கினவர். நடையின் நாயகர்!"

"எங்க வீட்டுல அப்படிச் சொல்லலையே, சார். கால்வலி தாங்காம, இனிமே ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்னு இங்கே உட்கார்ந்துட்டாராம். கூட வந்தவங்க அவர் எழுந்திருப்பார் எழுந்திருப்பார்னு பாத்தாங்க. எழுந்திருக்கலை. ஆளுக்கொரு வீடு கட்டிக்கிட்டாங்க. அதுதான் சார் ஊர்."

"அவர் உட்கார்ந்ததுக்கு ஆதாரம் இருக்கா?"

"அவர் நடந்ததுக்கு இருக்கா, சார்?"

"சிலையே இருக்கே!" என்றார் ஆணையர். கோப்பு மூடப்பட்டது.

தெருக்காரர்கள் கைகொடுப்பார்கள் என்று தையற்காரர் நம்பினார். ஆனால் அந்த ஆண்டு ஊரையே ஒரு பைத்தியம் பிடித்து ஆட்டியது. எல்லார் மணிக்கட்டிலும் அடிகளை எண்ணும் ஒரு கடிகாரம். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி. நடுவில் நின்றால் அது கீச்கீச்சென்று திட்டும். அடுத்த வீட்டுக் கணக்கு வாத்தியார் ஒரு சாவு வீட்டில் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டேதான் துக்கம் விசாரித்தார். செத்தவரின் மகனும் கூடவே நடந்துகொண்டு பதில் சொன்னதால் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

"வாத்தியாரே, என் வீட்டை இடிக்கப் போறாங்க!" என்று தையற்காரர் கூடவே ஓடினார்.

"அடடா, மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு," என்று சொல்லி முடிப்பதற்குள் வாத்தியார் தெருமுனையைத் தாண்டிவிட்டார். சுற்றிவிட்டு மறுபடி வந்தபோது, "பூங்கா எப்போ திறக்கறாங்களாம்?" என்று கேட்டார்.

தையற்காரர் மூச்சு வாங்க வீட்டுக்குத் திரும்பினார்.

இருபதாம் நாள் தெருவின் நாற்பது வீடுகளுக்கும் அறிவிப்பு வந்தது. நடைபாதையின் நீளம் போதாதென்று பொதுமக்களே மனு கொடுத்திருப்பதால், அன்னாரது விருப்பத்தை நிறைவேற்றும் வகையில், தெரு முழுவதும் பூங்காவோடு சேர்க்கப்படுகிறது. மனுவில் எண்பத்துமூன்று கையெழுத்துகள், எல்லாம் கோணல்மாணலாக. நகராட்சி எழுத்தர் ஒருவர் மூன்று நாள் தெருக்காரர்களோடு கூடவே நடந்து மனுவை அட்டையில் வைத்து நீட்டியிருக்கிறார். யாரும் நிற்காமலே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"வெளியே சொன்னா வெட்கக்கேடு, ஆனா எனக்குச் சந்தோஷமா இருக்கு," என்றார் தையற்காரர் மனைவியிடம். "நாற்பது வீடும் சேர்ந்து கத்தினா ஆணையர் என்ன பண்ணுவார்? அவங்க வீடு தப்பினா நம்ம வீடும் தப்பிச்சிடும்."

"கத்துவாங்களா?" என்றாள் அவள்.

கத்தத்தான் கத்தினார்கள். ஆணையரின் அறைக்குள் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நாற்பது குடும்பமும் கத்தியது.

"படிச்சுப் பாக்காம போட்டுட்டோம், சார்!"

"ஒரு நிமிஷம் நின்னு படிச்சிருக்கலாமே?"

"நின்னா கடிகாரம் திட்டுமே!"

"நியாயம்தான்," என்றார் ஆணையர். அவருடைய கையிலும் ஒன்று இருந்தது. "உங்களுக்கு மாற்று வீடு தயாரா இருக்கு. பூங்காவிலிருந்து ஏழு கிலோமீட்டர்."

"ஏழு கிலோமீட்டரா!" அறை அதிர்ந்தது. மருந்துக்கடைக்காரர் மேசையை ஓங்கிக் குத்தினார். அட்டைப் பூங்காவின் சிலை குப்புற விழுந்தது. தையற்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அப்போது கணக்கு வாத்தியார் கையை உயர்த்தினார். கூட்டம் அடங்கியது. அவர் கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ பெருக்கினார்.

"ஏழு கிலோமீட்டர்னா பத்தாயிரம் அடி. பூங்காவுக்கு வர்றதுக்கே சரியாப் போச்சு," என்றார். "திரும்பிப் போறதும் கணக்குல சேருமா, சார்?"

"தாராளமா."

"அப்போ இருபதாயிரம்!" என்று யாரோ பின்னாலிருந்து கைதட்டினார்கள். கைதட்டல் அறையெங்கும் பரவியது. அது ஓய்வதற்குள் பாதிப்பேர் புது வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் போகிற போக்கில் தையற்காரரின் முதுகில் தட்டி, "உங்க பரம்பரைக்கு இந்த ஊர் என்ன கைம்மாறு செய்யப்போகுதோ!" என்றார், கண் கலங்க, நிற்காமல்.