உறை பிரித்த உத்தமர்

சந்தேகப் பிராணிகளில் பல வகை உண்டு. நாம் பார்க்கப் போவது, மூடியிருப்பது சரியாக மூடியிருக்கிறதா என்று திறந்து பார்க்கிற வகை. அடுப்பில் வேகிறதா என்று நொடிக்கொரு தரம் மூடியைத் தூக்கி ஆவியை விரட்டுவார், ஃப்ரிட்ஜுக்குள் விளக்கு அணைகிறதா என்று கதவிடுக்கில் மூக்கை நுழைத்து நிற்பார், தூங்குகிறவரைத் தட்டி எழுப்பி, "நல்லா தூங்குறியா?" என்று அக்கறையாக விசாரிப்பார். இப்படிப்பட்டவர் கையில் உயிர் காக்கும் ஊசி ஒன்று சிக்கினால் என்ன ஆகும்?

சிக்கியது. நம்மவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவர் மனைவிக்குக் குளவி கொட்டினால் ஆகாது. முகம் வீங்கி மூச்சு அடைத்துவிடும். மருந்து நிரப்பி, உறையிட்டுத் தயாராக இருக்கும் ஊசி ஒன்றை எழுதிக் கொடுத்த டாக்டர், கொட்டியதும் தொடையில் குத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவரச் சொன்னார். கிருமி புகாமல் அடைத்தது, அதுவரை பிரிக்காதீர்கள் என்றும் சொன்னார்.

டாக்டர் சொன்னால் ஆயிற்றா? நம்மவர் பார்க்க வேண்டாமா? வீட்டுக்கு வந்ததும் உறையைக் கிழித்து, மூடியைக் கழற்றி, ஊசி முனையை விளக்குக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு கிருமியைத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. பரம திருப்தி. இருந்தாலும் எதற்கு வம்பு என்று வாயால் ஒருமுறை ஊதி, பனியன் நுனியால் துடைத்து, டேப் போட்டு ஒட்டிவைத்தார்.

கேள்விப்பட்ட மருந்துக் கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அண்ணே, பிரிச்சா சுத்தம் போச்சு. வேற வாங்கிட்டுப் போங்க."

"சுத்தமா இருக்கான்னு பார்க்கத்தானே தம்பி பிரிச்சேன்?"

"பிரிக்காம இருந்தாத்தான் சுத்தம்."

"அது பிரிக்காம எப்படித் தெரியும்?"

கடைக்காரர் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். அன்று இரவு சாப்பாட்டுக்கு முன்பே அதுவும் உறை கிழிந்து, பனியன் நுனியைப் பார்த்துவிட்டது. மூன்றாவதை மனைவியே போய் வாங்கி வந்தாள். வாங்கியதை அவரிடம் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி உலர்த்தும்போது குளவி அவள் கழுத்தில் கொட்டியது. உதடு தடித்தது; மூச்சு இழுத்தது. டேப் ஒட்டிய ஊசியோடு நம்மவர் ஓடிவந்தார். இவள் இல்லாமல் இந்த வீட்டில் எப்படி இருப்பேன் என்று நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது.

"அது வேணாங்க," என்றாள் திணறியபடி. "வாஷிங் மெஷின் புஸ்தகம்... அது அடியில."

அலமாரியில் வாஷிங் மெஷினின் செய்முறை விளக்கப் புத்தகம் புதுக்கருக்கு மாறாமல் கிடந்தது. அடியில், உறை பிரியாத ஊசி. கண்டதையெல்லாம் பிரித்துப் பார்க்கும் அந்த மனிதர், வாழ்நாளில் பிரித்துப் பார்க்காத ஒரே பொருள் அந்தப் புத்தகம்தான் என்பது கட்டியவளுக்குத் தெரியாதா?

குத்தினார். ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைத்தாள்.

மாலையில் நர்ஸ், "அவங்க நல்லா தூங்கட்டும், தொந்தரவு பண்ணாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். நம்மவர் நல்ல பிள்ளையாகக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம்தான். பிறகு குனிந்து, அவள் தோளைத் தட்டினார்.

"நல்லா தூங்குறியாம்மா?"

சிரிக்கிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: கதையைப் படிக்கத் தொடங்கும் முன்பே, முடிவு சரியாக இருக்கிறதா என்று இந்தக் கடைசி வரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது யார்?