ஓடைப் பாதையில் ஒரு பஸ்

சேர்வராயன் மலையில் காலால் நடப்பதற்கும் டிரைவிங் லைசென்ஸ் வேண்டும் என்று நம்புகிற ஒரே மனிதர் கொண்டை ஊசிதான். தலையில் ஒரு முடி கிடையாது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பணிக்காலம் முழுவதும் பஸ் ஓட்டியதால் வந்த பெயர் அது. ஓய்வு பெற்ற அன்று பஸ்ஸை ஒப்படைத்துவிட்டார். பழக்கத்தை ஒப்படைக்கவில்லை.

ஏற்காட்டில் ஏரிக்கரைப் பூங்காவிலிருந்து மேல் பூங்காவுக்கு ஓடையை ஒட்டி ஒரு மண்பாதை போகிறது. வழியெல்லாம் சில்வர் ஓக் நிழல். ஒரு கையில் குழந்தையும் மறுகையில் மிளகாய் பஜ்ஜியுமாகப் பேசிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடலாம். ஞாயிறு காலைகளில் சுற்றுலா வந்த குடும்பங்களை இந்த வழியில் அழைத்துப் போவது கொண்டை ஊசியின் வேலை. சம்பளம் கிடையாது, யாரும் கொடுத்த வேலையும் அல்ல.

புறப்படும் முன் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுப்பார். "வாந்தி வர்றவங்க முன்னால வந்துருங்க. கை, தலையை வெளிய நீட்டாதீங்க."

"நடந்துதானுங்களே போறோம்?" என்று ஒருவர் கேட்டார்.

"மலைங்க. சொல்லிட்டு வராது."

திருப்பத்துக்குத் திருப்பம் ரப்பர் பந்து வைத்த ஹாரனை அழுத்துவார். எதிரே வருவது பெரும்பாலும் ஒரு நாயாக இருக்கும். அதுவும் இப்போதெல்லாம் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. ஒரு புதுமணத் தம்பதி பேச்சு சுவாரசியத்தில் அவரை முந்திவிட்டார்கள். மொத்தக் கூட்டத்தையும் நிறுத்தினார். "வளைவுல ஓவர்டேக் பண்றீங்களே கண்ணு, ஊட்டுல பெரியவங்க யாரும் இல்லீங்களா?" இருவரும் கடைசி வரிசைக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கு இன்னும் வசதியாக இருந்தது என்று கேள்வி.

அவருடைய சட்டங்களில் முதன்மையானது, இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது. பாதி வழியில் ஓடைமேல் ஒரு பலகைப் பாலம் உண்டு. ஒருவர் போகும் அகலம். எதிரே இறங்கி வந்த ஒரு குடும்பத்தை அதில் பின்னோக்கியே நடக்க வைத்துவிட்டார். அவர்கள் ஊர் திரும்பும் முன் புகார் கொடுத்தார்கள். பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி, இனி யாரையும் அழைத்துப் போகக் கூடாது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் என் வீட்டுக்கு வந்தார் கொண்டை ஊசி. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பது அவருக்குத் தெரியும்.

"ஏனுங்க சார், ஞாயித்துக்கெழம ஊட்டுல உக்காந்தா வலது காலு பிரேக்கைத் தேடுதுங்க. இதும் இல்லீன்னா நான் மலை மேல இருந்து என்னங்க பண்றது? சேலத்துக்கு மக ஊட்டுக்கே போயிர்றனுங்க."

சாமான் கட்ட அட்டைப்பெட்டிகூடச் சொல்லி வைத்துவிட்டாராம். 

நேரில் பார்வையிடாமல் விதித்த தடை நிற்காது. அதிகாரிக்கு இது தெரியாததில் வியப்பில்லை; தெரியப்படுத்தினேன். அடுத்த ஞாயிறே பார்வையிட ஒப்புக்கொண்டார். பூங்கா என்றால் பெஞ்ச் என்று நினைக்கிற நானும் அன்று நடக்கப் போனேன்.

"இன்னிக்கு ஒரு நாள் எதுத்தாப்பல யாரு வந்தாலும் வழி விட்டுருங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"சரிங்க" என்றார். அந்தச் சரிங்கவை நான் நம்பியிருக்கக் கூடாது.

அதிகாரி மேல் பூங்காவரை ஜீப்பில் போய், அங்கிருந்து மனைவி, மகளுடன் ஓடைவழியே இறங்கி வந்தார். நாங்கள் கீழிருந்து ஏறினோம். பலகைப் பாலத்துக்கு நாங்கள் வந்தபோது அவர் அதன் நடுவில் நின்றார். ஹாரன் ஒலித்தது. கடைசியில் நின்ற நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதை மூட முடியவில்லை.

"சார், கொஞ்சம் பின்னால எடுங்க."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியலீங்க. எறங்குற வண்டின்னு தெரியுதுங்க."

அதிகாரியின் மனைவி அக்கரையில் நின்றிருந்தார். "பாதிதான வந்திருக்கீங்க, அப்படியே பின்னால வாங்க" என்றார். மகள் இரண்டு கையையும் ஆட்டி, "வா, வா, வா… லெஃப்ட்ல ஒடிங்கப்பா" என்று வழிகாட்டினாள். ஓர் அரசு அதிகாரி பின்னோக்கி வந்து கரையில் நின்றார். கொண்டை ஊசி அவரைக் கடக்கும்போது, டிரைவர்கள் செய்வதுபோல ஒரு கையை மட்டும் உயர்த்தி நன்றி சொன்னார். அட்டைப்பெட்டி என் கண்முன் வந்தது.

ஆனால் அதிகாரியின் மகள் எங்கள் கூட்டத்தில் சேர்ந்துகொண்டு எலுமிச்சம்பழமும் வாங்கிவிட்டாள். பெற்றவர்களும் திரும்பி ஏற வேண்டியதாயிற்று. மேல் பூங்கா வரும்வரை அதிகாரி ஹாரனுக்குப் பின்னாலேயே நடந்தார். வளைவில் முந்தவும் இல்லை.

"கூட்டத்துக்குப் பின்னால பொறுப்பான ஆள் ஒருத்தர் வரணும்" என்றார் கடைசியில். "அப்படின்னா நடத்திக்கலாம். யாராவது இருக்காங்களா?"

"கண்டக்டர் இருக்காருங்க" என்று கொண்டை ஊசி என்னைக் காட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முறைப்படி மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

மழை ஞாயிறுகளில் சுற்றுலாக்காரர்கள் விடுதியைவிட்டு வெளியே வருவதில்லை. ஆனால் டிரிப் ரத்தாவதில்லை. குடையோடு அவர் முன்னால் போகிறார். ஒரு பஸ் நீளம் விட்டு நான் பின்னால் போகிறேன். நடுவில் ஆளில்லாதபோது அவர் பக்கத்திலேயே நடக்கலாம்தான். ஆனால் பின்னால் யாரும் இல்லையென்றால் அவர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். இந்த வயதில் கழுத்துக்கு அது நல்லதல்ல.