மாப்பிள்ளை மாட்டிய புகைக்குழாய்

என் தலை தீபாவளியன்று மாமனாரைக் குளியலறையில் வைத்தே ஏறக்குறைய மேலே அனுப்பிவைத்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் அவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. நான் திட்டம் போட்டுச் செய்த எந்தக் காரியமும் பாதிக்கு மேல் போனதில்லை.

மாமனார் வீடு முதலியார்பேட்டையில் இருக்கிறது. வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட். (கார் கிடையாது. வாங்குவதாக இருந்து, ஷெட் கட்டியதோடு ஆசை தீர்ந்துவிட்டது.) அதில் ஒரு ஸ்கூட்டர், ஒரு தேங்காய் மூட்டை, கோலமாவு டப்பா, சுவரில் ஒரு கேஸ் ஹீட்டர். அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை; இரண்டுக்கும் நடுவே மேலே ஒரு வென்டிலேட்டர். ஹீட்டரின் தலையிலிருந்து ஒரு தகரக் குழாய் கிளம்பி, ஷெட்டின் வெளிச்சுவரைத் தாண்டிப் புகையைத் தெருப்பக்கம் விடும். தீபாவளிக்கு முந்தின நாள் காலை நாங்கள் பெட்டியோடு போய் இறங்கியபோது, அந்தக் குழாய் துருப்பிடித்துப் பாதியில் முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மாமா விவரமானவர். ஹீட்டரை உடனே நிறுத்திவிட்டார். தவளக்குப்பத்து மெக்கானிக்குக்கு போன் போட்டார். பண்டிகை கழித்து வருவதாக அவர் சொல்லிவிட்டார். அதனால் என்ன, அண்டாவில் வெந்நீர் போட்டுக்கொள்ளலாம் என்றார் அத்தை. விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடிந்தும் விட்டது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"ஒரு பைப்புதான மாமா, நானே மாத்திடுறேன்."

இந்தத் துறையில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விடுதியில் ஒருமுறை பல்பு மாற்றியிருக்கிறேன். குழாய் மாட்டுவது பற்றி போனில் ஒரு வீடியோவைப் பாதி பார்த்திருக்கிறேன். அலுவலகத்தில் நான் கையாளும் கனரக இயந்திரம் லேப்டாப்.

மாமாவின் முகத்தில் ஒரு கணம் கலவரம் ஓடி மறைந்தது. மனிதர் முப்பது வருடம் ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தின் ஆபீசில் வேலை பார்த்தவர். பேப்பர் போடுகிறவருக்கு நன்றியாக ஒரு 'மெர்சி', தன் காலை மிதித்தவரிடமும் மன்னிப்பாக ஒரு 'பர்தோன்' என்று வாழ்கிறவர். அவர் போய், தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்வாரா? எங்கள் பக்கத்தில் அந்த ஒரு நாள் மாப்பிள்ளை என்பவன் உற்சவமூர்த்தி. தூக்கிக்கொண்டு சுற்றலாம், குறை சொல்ல முடியாது. என் மனைவி கவிதா மட்டும், தெரியாத வேலை உங்களுக்கு எதற்கு என்று கேட்டாள். மாப்பிள்ளையை அப்படியெல்லாம் பேசக்கூடாது என்று அத்தை அவளை அதட்டினார்.

ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்கார பாய், பைப் எதற்கு என்று கேட்டார். சொன்னால் மேலே நாலு கேள்வி கேட்பார், என் வண்டவாளம் தெரிந்துவிடும். "வீட்டு வேலதான் பாய்," என்றேன், வீட்டையே நான்தான் கட்டியதுபோல. மழைத்தண்ணீர் இறங்குவதற்கு என்று நினைத்திருப்பார், பாவம். நல்ல கனமான வெள்ளை பிவிசி பைப்பும் வளைவுக்கு இரண்டு எல்போவும் எடுத்துக் கொடுத்து, இருபது வருஷமானாலும் துருப்பிடிக்காது என்றார். அவர் சொன்னது உண்மைதான். அது துருப்பிடிக்கவே இல்லை. அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

மாட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. வீட்டார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். நடுநடுவே மோர் வந்தது. சுவர் ஓட்டைக்கும் குழாய்க்கும் இடையில் இருந்த சந்தில் மாமாவின் பழைய பனியனைத் திணித்தேன். (வீடியோவின் நான் பார்க்காத பாதியில் அதற்கு வேறு வழி சொல்லியிருக்கக்கூடும்.) வெள்ளையாக அழகாக இருக்கிறது என்று சொல்லி, அத்தை பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார். மாமா குழாயைத் தடவிப் பார்த்து, "மெர்சி மாப்ள" என்றார். அன்று அந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் ராஜதந்திரிகளாக இருந்தார்கள்.

தீபாவளி விடிகாலை. எண்ணெய் தேய்த்து முதலில் குளிக்க வேண்டியவன் மாப்பிள்ளை. வெந்நீர் ஜம்மென்று வந்தது. முடிக்கும்போது தலை லேசாகி, கால் தரையில் படாததுபோல் இருந்தது. உழைத்து ஜெயித்தவனுக்கு வரும் நிறைவு என்று நினைத்துக்கொண்டேன். (கார்பன் மோனாக்சைடு என்று டாக்டர் பிறகு சொன்னார்.)

அடுத்து மாமா உள்ளே போனார். தெருவில் வெடிச்சத்தம் கிளம்பியிருந்தது. கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. எதிர் வீட்டு வெடிதான் என்றார் அத்தை. நானும் ஆமோதித்தேன். புது வேட்டியில் உட்கார்ந்து, அதிரசம் தின்றபடி, இந்தக் காலத்து வெடிகளில் என்னென்ன ரசாயனம் கலக்கிறார்கள் என்று அத்தைக்கு விளக்கமும் கொடுத்தேன்.

கோலமாவு எடுக்க ஷெட்டுக்குப் போன கவிதா போட்ட கூச்சலில் விளக்கம் பாதியில் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன். சூட்டில் இளகிய என் வெள்ளைக் குழாய், முறுக்குச் சுற்றத் தெரியாதவன் சுற்றிய முறுக்கைப்போலக் கோணித் தொங்கி, எல்போவில் மடங்கி அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே போக வழியில்லாத புகை ஷெட்டை நிரப்பி, வென்டிலேட்டர் வழியாகக் குளியலறைக்குள் போய்க்கொண்டிருந்தது. கவிதா சிலிண்டரை மூடிவிட்டு, ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"அப்பா, மொதல்ல வெளிய வாங்க."

உள்ளேயிருந்து மாமாவின் குரல் மெதுவாக, இழுத்து இழுத்து வந்தது. "சத்தம் போடாதம்மா. தல சுத்துது, கீழ உக்காந்துட்டேன். பாதியில எழுந்து வந்தா மாப்ள மனசு நோவும்."

இன்றைக்கு இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். அன்று யாரும் சிரிக்கவில்லை. நான் வருத்தப்படக்கூடாது என்பதற்காக ஒரு மனிதர் விஷப்புகையில் உட்கார்ந்திருக்கிறார். தோளால் கதவை இடித்தேன். பழைய தாழ்ப்பாள் பெயர்ந்து வந்தது. (அந்த இரண்டு நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, ஒரு பொருளை உடைத்ததுதான்.) தலையில் பாதி சீயக்காயோடு இருந்தவரைத் துண்டைச் சுற்றி வாசலுக்குக் கொண்டுவந்து போட்டோம். காற்று பட்டதும் கண்ணைத் திறந்து, தண்ணி நல்ல சூடாக வந்தது மாப்ள என்றார். நான் அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் மத்தியானம் வரை ஆக்சிஜன் வைத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டர், கேஸ் ஹீட்டருக்கு பிவிசி பைப் மாட்டிய புண்ணியவான் யார் என்று கேட்டார். அத்தை மின்விசிறியைப் பார்த்தார். கவிதா என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். மாமா மூக்கிலிருந்த மாஸ்க்கை நகர்த்திவிட்டு, தெரிந்தவர் ஒருவர்தான், நல்ல எண்ணத்தில் செய்தார் என்றார்.

"அந்த ஆள இனிமே வீட்டுப் பக்கம் சேக்காதீங்க," என்றார் டாக்டர்.

"எப்படிங்க முடியும்," என்றார் அத்தை, தன்னை மறந்து. "பொண்ணு குடுத்துட்டமே."

பண்டிகை கழித்து மெக்கானிக் வந்து இரும்புக் குழாய் மாட்டினார். என் குழாயைப் பார்த்துவிட்டு அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

போன மாதம் கவிதாவின் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், நல்ல வேலை, பையனும் லட்சணம். வீட்டில் ஃபேன், மிக்ஸி, மோட்டார் எது கெட்டாலும் பையனே பிரித்து மாட்டிவிடுவான், வெளியாளைக் கூப்பிட்டதே இல்லை என்று அவன் அப்பா பெருமையாகச் சொன்னார். அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"கெட்டிக்காரப் புள்ளதாங்க. ஆனா நமக்கு ஒத்துவராது."

வந்தவர்கள் காரணம் புரியாமல் விழித்தார்கள். மாமா எழுந்து, அதே பழைய மரியாதையோடு, இரண்டு கைகளாலும் என்னைக் காட்டினார்.